மருத்துவமனையில் கடைநிலை ஊழியர்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டில், உலக நோயாளர் நாளன்று நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11-ஆம் நாளை உலக நோயாளர் நாளாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-ஆம் ஆண்டில் அறிவித்தார். 1993 முதல் உலகெங்கும் இந்நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. இந்த நாளில் மேடை ஏறுகிறவர்கள் மருத்துவர்களின் திறமையைப் புகழ்வார்கள். செவிலியரின் சேவையைப் போற்றுவார்கள். அது முறைதான். நானும் ஒரு செவிலியர். அந்தப் புகழில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது. ஆனால் என் பணிக் காலம் முழுவதும் என் பக்கத்தில் நின்று வேலை செய்து, எந்த மேடையிலும் பெயர் சொல்லப்படாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

யார் இவர்கள்?

விடியும் முன்பே வார்டுக்கு வந்து படுக்கை விரிப்பை மாற்றுகிற ஆயா; பெட்பேன் எடுத்து, கழுவி வைக்கிற அம்மா; ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற, ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டி வருகிற வார்டு பாய்; தரை துடைக்கிற தூய்மைப் பணியாளர்; இரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு ஓடுகிற உதவியாளர்; அறுவைக்கு முன் நோயாளிக்கு முடி மழிக்கிறவர்; இரத்தமும் சீழும் படிந்த துணிகளை வெளுக்கிறவர்; கஞ்சியும் ரொட்டியும் கொண்டுவருகிற சமையல் கட்டுக்காரர்; கடைசியாக, பிணவறையில் நம் வீட்டுப் பெரியவரைக் குளிப்பாட்டித் துணி சுற்றி நம்மிடம் ஒப்படைக்கிறவர். இவர்கள் எல்லாருக்கும் சேர்த்து நாம் வைத்த பெயர் 'கடைநிலை ஊழியர்'.

மருத்துவர் ஒருவர் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளாமல் வைத்தியம் பார்க்க முடியாது. செவிலியருக்குச் செவிலியர் குழுமத்தின் பதிவு எண் வேண்டும். மருந்தாளுநருக்கு 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் உண்டு. பரிசோதனைக் கூட நுட்பர் போன்றோருக்கும் 2021-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆயாவுக்கும் வார்டு பாய்க்கும் தூய்மைப் பணியாளருக்கும் இப்படிப்பட்ட பதிவேடு எதுவும் இல்லை, உரிமமும் இல்லை. உரிமம் இல்லாதவர்கள் என்பதாலேயே முக்கியம் இல்லாதவர்கள் என்று நாம் நினைத்துவிடுகிறோம். இந்த நினைப்பு எவ்வளவு பெரிய தவறு என்பதை எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

வள்ளுவர் சொன்ன நான்காவது பகுதி

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருப்பதை அறிவீர்கள். அதன் கடைசிக் குறள், அதாவது 950-ஆவது குறள், மருத்துவம் என்பதை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது. நோயாளி ஒன்று, நோயைத் தீர்க்கும் மருத்துவர் இரண்டு, மருந்து மூன்று, அருகில் இருந்து அந்த மருந்தை முறை தவறாமல் கொடுத்துக் கவனிப்பவர் நான்கு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை பெறாது. கட்டிலுக்கு நான்கு கால் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால் தேக்காக இருந்து என்ன பயன், நான்காவது கால் உளுத்துப் போயிருந்தால்? அந்த நான்காவது கூறில் செவிலியர் முன்னே நிற்கிறார். அவர் கைக்குத் துணைக் கையாக, பின்னால் ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது.

சுத்தம் செய்த கைகள் காத்த உயிர்கள்

கிரிமியப் போர்க் காலத்தில், 1854-ஆம் ஆண்டின் இறுதியில், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. கையில் விளக்குடன் அவர் வார்டில் நடந்ததை நாம் படித்திருக்கிறோம். பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அங்கே சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அந்த மருத்துவமனையில் 100-க்கு 42 பேர் என்ற கணக்கில் இறந்தார்கள். மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகள் திறந்துவிடப்பட்டன. தண்ணீர் வரும் வழியில் கிடந்த செத்த விலங்குகள் அகற்றப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. ஜன்னல்கள் திறந்து காற்றோட்டம் உண்டாக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் சாவு 100-க்கு 2 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது!

குழுவை அனுப்பியவர்களின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. அம்மையாரின் பெயர் உலகெங்கும் இருக்கிறது. சாக்கடைக்குள் இறங்கி அடைப்பை எடுத்த கூலிக்காரர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா? அன்று ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்ததில் அவர்கள் கைக்கும் பங்கு உண்டல்லவா?

ஆயாவின் கண்

அவர்கள் செய்யும் வேலையின் அருமை புரிய வேண்டுமானால் வார்டுக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

பக்கவாதம் வந்து அசையாமல் படுத்திருக்கும் ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நாளுக்கு இரண்டு முறை வந்து பார்ப்பார். நல்ல மருந்து எழுதிக் கொடுப்பார். அந்தப் பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால், இடுப்பிலும் குதிகாலிலும் தோள்பட்டையிலும் இரத்த ஓட்டம் நின்று தோல் கறுக்கும். பிறகு அது உடைந்து படுக்கைப் புண்ணாகும். புண் எலும்பு வரை போய், சீழ் பிடித்து, இரத்தத்தில் நஞ்சு கலந்து, பக்கவாதத்தில் பிழைத்தவர் படுக்கைப் புண்ணால் இறந்து போவதும் உண்டு. அவரைத் திருப்புவது யார்? செவிலியருடன் சேர்ந்து ஆயாவும் வார்டு பாயும்தான். திருப்புவதிலும் ஒரு பக்குவம் உண்டு. விரிப்போடு தரதரவென்று இழுத்தால் தோல் உரியும். இரண்டு பேர் சேர்ந்து தூக்கித் திருப்ப வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட அது புண்ணுக்கு விதை. இதைத் தெரிந்து செய்கிற ஆயா, விலை உயர்ந்த மருந்தைவிட மேலான காரியத்தைச் செய்கிறார்.

இன்னொன்று சொல்கிறேன். பிரசவ வார்டில் ஓர் இரவு. குழந்தை பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. தாயும் சேயும் நலம் என்று எல்லாரும் நிம்மதியாக இருந்த நேரம். துணி மாற்றப் போன ஆயா வேகமாக என்னிடம் வந்து, "சிஸ்டர், இப்பத்தான் துணி மாத்தினேன், மறுபடியும் முழுசா நனைஞ்சிருக்கு. கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கு, உடனே வாங்க" என்றார். போய்ப் பார்த்தால் கருப்பை சுருங்காமல் தளர்ந்து இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மருத்துவரை அழைத்தோம், வேண்டியவை எல்லாம் செய்யப்பட்டன, அந்தப் பெண் பிழைத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு நம் நாட்டில் தாய்மார் சாவுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைக் கொண்டுபோகக் கூடியது அது. அன்றிரவு முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை. எட்டாம் வகுப்பைத் தாண்டாத ஓர் ஆயாவின் கண்தான்.

நோயாளி இன்று சாப்பாட்டைத் தொடவில்லை, மூச்சு வேறு மாதிரி இருக்கிறது, மலத்தில் இரத்தம் தெரிகிறது, சிறுநீர் காலையிலிருந்து குறைந்திருக்கிறது, பேச்சு குழறுகிறது என்பதையெல்லாம் முதலில் பார்க்கிறவர் அவரே. பார்த்ததைச் சொல்லும் தைரியம் அவருக்கு இருக்க வேண்டும். 'உனக்கு என்ன தெரியும், போ' என்று இரண்டு முறை விரட்டினால், மூன்றாவது முறை அவர் வாய் திறக்க மாட்டார். நஷ்டம் நோயாளிக்குத்தான்.

துடைப்பத்திலும் ஓர் அறிவு

தரை துடைப்பதை நாம் அறிவு வேண்டாத வேலை என்று எண்ணுகிறோம். மருத்துவமனையில் அப்படி இல்லை. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசியோடு கிருமியும் எழும்பிப் பக்கத்துக் கட்டிலில் இறங்கும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். சுத்தமான இடத்தில் தொடங்கி அசுத்தமான இடத்தில் முடிக்க வேண்டும். கழிப்பறைத் துடைப்பான் வார்டுக்குள் வரக் கூடாது. இரத்தம் சிந்தியிருந்தால் அதை அப்படியே இழுத்துத் துடைக்காமல், துணியால் மூடி, கிருமிநாசினி ஊற்றி, குறித்த நேரம் ஊறவிட்டு, கையுறையோடு எடுக்க வேண்டும். பிளீச்சிங் கரைசலோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இது வீட்டிலும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி, தாய்மார்களே!

கழிவுகளைப் பிரிப்பதற்கு 1998-இல் விதிகள் வந்தன. 2016-இல் அவை திருத்தி அமைக்கப்பட்டன. உடலுறுப்புக் கழிவும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில். குழாய்கள், ஊசி நீக்கிய பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் சிவப்புப் பையில். ஊசிகளும் கத்திகளும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டியில். இந்த நான்கு நிறத்தில் ஒன்றை மாற்றிப் போடுகிறவர் பெரும்பாலும் படித்தவர்கள். அதற்காகக் குத்துப்படுவது அந்தப் பையைத் தூக்குகிற தொழிலாளியின் கை.

குத்துப்பட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நோயாளிக்கு மஞ்சள் காமாலை 'பி' வகை இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை நோய் தொற்றக் கூடும். எச்.ஐ.வி. என்றால் 1000-க்கு 3 பேர். 'பி' வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று தவணையில் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். மேற்சொன்ன விதிகளின்படி கழிவைக் கையாளும் ஒவ்வொரு ஊழியருக்கும் இந்தத் தடுப்பூசியும், ஆண்டுக்கு ஒரு முறை உடல் பரிசோதனையும், ஆண்டுக்கு ஒரு முறையாவது பயிற்சியும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் வந்தவர் என்று சொல்லி விலக்க இடமில்லை. குத்துப்பட்டவர் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தத்தைப் பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைக்கக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம். 72 மணி நேரத்துக்குப் பின் பயனில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறவர்களே அதிகம். அந்தப் பயத்தைப் போக்குவது நிர்வாகத்தின் கடமை.

எல்லை எங்கே?

இவ்வளவு சொல்வதால் இவர்கள் எதையும் செய்யலாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். உரிமம் இல்லாதவர் ஊசி போடக் கூடாது. குளுக்கோஸ் ஏற்றக் கூடாது. மாத்திரையைத் தம் விருப்பப்படி கொடுக்கக் கூடாது. மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தக் கூடாது. செவிலியர் சொல்லாமல் நோயாளியைக் கட்டிலை விட்டு இறக்கவும் கூடாது. இந்த எல்லை அவர்களைச் சிறுமைப்படுத்துவதற்காகப் போடப்பட்டதன்று. நோயாளிக்கும் அவர்களுக்குமே பாதுகாப்பு அது.

எல்லையை மீறச் சொல்லி அவர்களை வற்புறுத்துகிறவர்கள் பல வேளைகளில் நாமேதான். அறுவைக்குக் காத்திருக்கும் நோயாளிக்குத் தாகம் எடுக்கும். "ஒரு வாய் தண்ணீதானே ஆயாம்மா, கொடுங்க" என்று உறவினர் கெஞ்சுவார்கள். ஆயா மறுத்தால் ஈவிரக்கமற்றவள் என்று திட்டுவார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக் குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் கெட்டு உயிரே போகலாம். ஆகவே, தண்ணீர் கொடுக்க மறுக்கிற ஆயா ஓர் உயிரைக் காக்கிறார்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சீருடை அணிந்து, சிறிய நர்சிங் ஹோம்களில் நம் வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். அங்கே அவர்களை ஊசி போடச் சொல்கிறார்கள். ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் நிர்வாகம் கை கழுவிவிடும்; அந்தப் பெண்தான் காவல் நிலையத்தின் படி ஏற வேண்டும். செவிலியர் ஆக வேண்டுமானால் துணைச் செவிலியர் படிப்பு 2 ஆண்டு, பட்டயப் படிப்பு 3 ஆண்டு, பி.எஸ்சி. பட்டப் படிப்பு 4 ஆண்டு. செவிலியர் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள். உதவியாளர் வேலைக்கே போக விரும்பினால் அதுவும் கௌரவமான வேலைதான். அதற்கென்று 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட்' பயிற்சி இருக்கிறது. நோயாளியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, கை கழுவும் முறை எல்லாம் அதில் கற்றுக் கொடுக்கிறார்கள். உதவியாளர் என்று சொல்லி உதவியாளர் வேலை பார்ப்பதில் வெட்கம் இல்லை. செவிலியர் என்று பொய் சொல்லி வேலை பார்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

கை நீட்டும் பழக்கம்

நான் புகழ்ந்துகொண்டே போனால், "ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு ரூபாய் கேட்டார்களே, அதைச் சொல்ல மாட்டீர்களா?" என்று உங்களில் சிலர் மனத்துக்குள் கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். குழந்தையைக் கையில் கொடுக்க ஆண் என்றால் ஒரு தொகை, பெண் என்றால் ஒரு தொகை என்று கேட்பது பல இடங்களில் நடந்திருக்கிறது. பிணத்தை ஒப்படைக்கவும் பணம் கேட்டிருக்கிறார்கள். இது பாவம், இதற்குச் சமாதானம் கிடையாது. கொடுக்க இல்லாத ஏழைதான் இதில் முதலில் அடிபடுகிறான். 'நாங்கள் கொடுத்துவிட்டோம், எங்களை முதலில் கவனியுங்கள்' என்று வசதி உள்ளவர் நீட்டும் நோட்டு, பக்கத்துக் கட்டிலில் உள்ள ஏழையைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

ஆனால் அதன் வேரையும் பார்க்க வேண்டும். முன்பு அரசாங்க வேலையாக இருந்த பல பணிகள் இன்று ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டன. நிரந்தர ஊழியரும் ஒப்பந்த ஊழியரும் ஒரே வார்டில் ஒரே வேலை பார்க்கிறார்கள். சம்பளமோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிடித்தம் போகக் கைக்கு வருவது வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் காணாது. இருபது ஆண்டு வேலை பார்த்தும் நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாது. இதைச் சரி செய்யாமல் 'கை நீட்டாதே' என்று சுவரில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது.

வேறொரு வேதனையும் உண்டு. இந்த வேலை இன்ன சாதிக்கு என்று பிறக்கும்போதே எழுதி வைத்த வழக்கம் நம் மண்ணில் இன்னும் சாகவில்லை. தாய் துடைத்த தரையை மகள் துடைக்கிறாள். தகப்பன் தூக்கிய வாளியை மகன் தூக்குகிறான். ஒரே கோயிலில் ஒரே பந்தியில் நன்மை வாங்குகிற நாம், அவர் வீட்டில் ஒரு வாய் காபி குடிப்போமா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2020-இல் தமிழக அரசு 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. நல்லதே. பெயரோடு நம் பார்வையும் மாற வேண்டும்.

கமில்லஸ் காட்டும் வழி

மருத்துவமனைகளின் பாதுகாவலராகிய புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் யார் தெரியுமா? 1550-இல் இத்தாலியில் பிறந்தவர், போர்வீரர், சூதாட்டப் பித்தர். காலில் ஆறாத புண்ணோடு ரோமாபுரியில் சான் ஜாக்கோமோ மருத்துவமனைக்கு வந்து, அங்கேயே வேலைக்காரராகவும் இருந்தார். சூதாடியதற்காக ஒரு முறை வெளியே அனுப்பப்பட்டார். மனந்திரும்பி மீண்டும் அதே மருத்துவமனைக்கு வந்து, நோயாளிகளின் மலஜலம் எடுத்து, புண் கழுவி, அங்கேயே கண்காணிப்பாளராக உயர்ந்தார். பிறகு நோயாளர் பணிக்கென ஒரு சபையைத் தொடங்கினார். 1586-இல் அதற்குத் திருத்தந்தையின் அனுமதி கிடைத்தது. மருத்துவமனைகளின் பாதுகாவலர், முதலில் ஒரு வார்டு வேலைக்காரர்!

'பார்த்தீர்களா, அவர் அன்புக்காகச் செய்தார். நீங்களும் கூலி கேட்காமல் செய்யுங்கள்' என்று இந்தக் கதையைச் சிலர் திருப்பிவிடுவார்கள். அது நியாயம் ஆகாது. 1886-இல் கமில்லசையும் இறை யோவானையும் நோயாளர்க்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தவர் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர். தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும் என்று 1891-இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல் எழுதியவரும் அவரே. அன்பு என்பது ஊழியர் நோயாளிக்குக் கொடுப்பது. கூலி என்பது நிர்வாகம் ஊழியருக்குக் கொடுப்பது. முன்னதைக் காட்டிப் பின்னதைக் குறைக்கலாகாது. நம் சபைகள் நடத்தும் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும் என்பதைத் தாழ்மையோடு சொல்லிக்கொள்கிறேன்.

கொரோனாக் காலம்

2020-ஆம் ஆண்டை நாம் எளிதில் மறக்க முடியாது. சொந்த மகன் தகப்பன் அருகில் போகப் பயந்த காலம். அப்போது உள்ளே போனவர்கள் யார்? மருத்துவரும் செவிலியரும் போனார்கள்; அவர்களோடு ஆயாவும் வார்டு பாயும் தூய்மைப் பணியாளரும் போனார்கள். இறந்தவரை மூடிக் கட்டி வண்டியில் ஏற்றியவர்களும் அவர்களே. அந்த மார்ச் மாதம் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீட்டில் தூய்மைப் பணியாளரும் வார்டு பாயும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜனவரி 16-ஆம் நாள் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, முதல் ஊசியைப் போட்டுக்கொண்டவர் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஒரு தூய்மைப் பணியாளர். ஆபத்து வந்த நாளில் வரிசையின் முன்னால் நிறுத்தினோம். ஆபத்து நீங்கியதும் மறுபடியும் பின்னால் அனுப்பிவிட்டோம்.

நாம் செய்யக் கூடியவை

பேசிவிட்டுப் போவதால் பயனில்லை. பங்கு மக்கள் நாளையே செய்யக் கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது: மருத்துவமனைக்குப் போனால் ஆயாவின் பெயரைக் கேளுங்கள். 'ஏய்', 'இந்தாம்மா' என்று கூப்பிடாதீர்கள். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது, அந்த வார்டின் ஊழியரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

இரண்டாவது: சர்க்கரை நோய்க்கு வீட்டில் ஊசி போடுகிறவர்கள், ஊசியை அப்படியே குப்பையில் வீசாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். நிரம்பியதும் தனியாக, இன்னது என்று சொல்லிக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் தாளில் சுற்றிக் கொடுங்கள். உங்கள் தெருவில் குப்பை அள்ளுகிறவரின் கையும் கைதான்.

மூன்றாவது: செய்யக் கூடாததைச் செய்யச் சொல்லி ஊழியரை வற்புறுத்தாதீர்கள். பணம் நீட்டி வரிசையைத் தாண்டாதீர்கள். பணம் கேட்டால் மருத்துவமனையின் ஆர்.எம்.ஓ.-விடம் முறையாகப் புகார் செய்யுங்கள். நன்றாகக் கவனித்துக்கொண்டால் அதையும் அதே ஆர்.எம்.ஓ.-விடம் எழுத்தில் கொடுங்கள். புகார்க் கடிதம் ஆயிரம் வரும் அலுவலகத்துக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்றாவது போகட்டும்.

நான்காவது: நம் பங்கிலேயே மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'பி' வகைத் தடுப்பூசி மூன்று தவணையும் போடப்பட்டதா, வருங்கால வைப்பு நிதி எண் இருக்கிறதா, ஆண்டுப் பரிசோதனை நடக்கிறதா என்று பங்குப் பேரவை கேட்டறியலாம். இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நம் படித்த இளைஞர்கள் முன்வரலாம்.

ஐந்தாவது: அவர்களுடைய பிள்ளைகள் படிக்க வேண்டும். இந்தப் பொன்விழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்புகிறோம், கொடிமரம் நாட்டுகிறோம். அதோடு, ஆண்டுக்கு ஒரு மாணவிக்கு அங்கீகாரம் பெற்ற செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்டினால் என்ன? தாய் தரை துடைத்த வார்டில் மகள் செவிலியராக வந்து நிற்கட்டும். அப்போதும் அந்தத் தாயின் வேலையை யாராவது ஒருவர் செய்துகொண்டுதான் இருப்பார். அவருக்கும் கையுறையும் நியாயமான கூலியும் மரியாதையும் கிடைக்க வேண்டும் என்பதை அந்த மகள் மறக்க மாட்டாள்.

நாம் எல்லாருமே ஒரு நாள் நோயாளிகள். அன்றைக்கு நம்மைத் திருப்பிப் படுக்க வைக்கப் போவது யாருடைய கை என்று இன்று தெரியாது. அந்தக் கை பயிற்சி பெற்றதாக, பாதுகாப்பு உள்ளதாக, மனம் நோகாததாக இருக்க வேண்டுமானால், அதற்கு வேண்டியதைச் செய்ய வேண்டிய காலம் நாம் நலமாக இருக்கும் இப்போதுதான்.